வேன் பிடித்து வெளியூர் கிளம்பும் முன்



தை, மாசியில் அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போதும், பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை லீவு விட்ட பிறகும் நம் குழுக் கூட்டங்களில் தவறாமல் ஒரு பேச்சு எழும். "எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் பிடிச்சு ராமேஸ்வரம், திருச்செந்தூர் போயிட்டு வரலாமாக்கா?" சந்தா, கடன், வட்டி என்றே ஓடுகிற கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் சோர்ந்து கிடந்த முகமெல்லாம் தெளியும். போக வேண்டியதுதான். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் கடலைக் கண்ணால் பார்க்காத உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அரிசி பருப்பு, அண்டா குண்டாவை ஏற்றிக்கொண்டு, வழியில் சமைத்துச் சாப்பிட்டு, மண்டபத்தில் படுத்தெழுந்து வருகிற பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். கணக்குக்கு வசதியாக, மதுரைப் பக்கத்துக் குழு ஒன்று 20 பேராக ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி போய்வருவதாக வைத்துக்கொள்வோம். பை கட்டுவது கடைசி நாள் வேலை. அதற்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவை இருக்கின்றன. அதில் முதலாவது வண்டி. மற்றதில் குறை வந்தால் கொஞ்சம் சிரமப்பட்டுத் திரும்பலாம். வண்டியில் குறை வந்தால் திரும்புவதே சந்தேகம்.

எந்த வண்டியில் ஏறுவது?

நம் ஊர்ப் பக்கம் காதுகுத்து, கிடா வெட்டு, வளைகாப்பு எதுவானாலும் குட்டி யானையிலோ டிராக்டரிலோ பாய் விரித்து உட்கார்ந்து போவது வழக்கமாகிவிட்டது. "வேனுக்குக் கொடுக்கறதுல பாதிதான் வாடகை, காத்தோட்டமாவும் இருக்கும்" என்று சொல்வார்கள். அது சரக்கு ஏற்றுவதற்கு என்று பதிவு செய்த வண்டி. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரு திருப்பத்தில் சாய்ந்தால் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் ரோட்டில் கிடப்பார்கள்.

விபத்துக்குப் பிறகு வருகிற கஷ்டம் இன்னொன்று. சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறிப் போனவர்களுக்கு இழப்பீடு தருகிற பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தன் சரக்கோடு கூடப் போகிற சொந்தக்காரருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கோயிலுக்குப் போகிற நமக்கு இல்லை. அப்படியானால் காலை இழந்தவளும், தாயை இழந்த பிள்ளையும் வண்டிக்காரர் பின்னால்தான் அலைய வேண்டும். அவரிடம் அந்த ஒரு வண்டியைத் தவிர வேறு சொத்து இருக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். பாதி வாடகை மிச்சம் என்பது இதற்கு முன்னால் ஒரு காசா?

வெள்ளை போர்டு வண்டியிலும் சிக்கல் இருக்கிறது. வெள்ளைப் பலகையில் நம்பர் எழுதியிருந்தால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. "நம்ம அண்ணன் வண்டிதான், டீசல் போட்டு ஏதாவது கையில குடுங்க போதும்" என்பார்கள். வாடகைக்கு விட்டது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் நம்பர் உள்ள சுற்றுலா வேன்தான் நமக்கு வேண்டியது.

வண்டியைப் பேசும்போதே ஆர்.சி. புத்தகம், எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று, டிரைவரின் லைசென்ஸ் எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். "என்னம்மா, ஆர்.டி.ஓ. மாதிரி கேக்கிறீங்க" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எம்-பரிவாகன் என்ற அரசு செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எந்தத் தேதி வரைக்கும் என்று தெரிந்துவிடும். வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். ஆர்.சி.யில் எத்தனை சீட்டு என்று எழுதியிருக்கும். அதில் டிரைவர் சீட்டும் அடக்கம். அதனால் 20 பேர் போக 21 சீட்டு வண்டி வேண்டும். நடுவில் ஸ்டூல் போட்டு நாலு பேரைக் கூட்டிக்கொள்வது, இன்ஜின் மேல் உட்கார வைப்பது எல்லாம் வேண்டாம். கேரளாவுக்கோ திருப்பதிக்கோ போவதாக இருந்தால் வேறு மாநிலம் போகிற பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்று அப்போதே பேசிவிடுங்கள். நடுவழியில் செக்போஸ்டில் நின்று தலைக்கு நூறு எடு என்றால் நன்றாக இருக்காது.

டிரைவர் தூங்கினாரா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. அங்கிருந்து சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் சுமார் 215 கி.மீ. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி சுமார் 90. கன்னியாகுமரியிலிருந்து மதுரை சுமார் 245. ஊருக்குள் சுற்றுவதும் தனுஷ்கோடி போய்வருவதும் சேர்த்தால் 800 கி.மீ. வந்துவிடும். வழியில் நிறுத்தி நிறுத்திப் போகிற வேன் மணிக்கு 40 கி.மீ. போனால் அதிகம். இதை வைத்துப் பார்த்தால் 4 பகல், 3 இரவு வேண்டும். மூன்றே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வண்டிக்காரர் சொல்லலாம். முடிப்பார். ஆனால் எங்காவது ஒரு ராத்திரி முழுக்க வண்டி ஓடவேண்டி வரும்.

"ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பினா விடியறப்போ ராமேஸ்வரத்துல தீர்த்தமாடலாம், ஒரு நாள் தங்கற செலவு மிச்சம்ல?" என்ற யோசனை எல்லாக் குழுவிலும் வரும். நாங்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. பகலெல்லாம் வேறு வாடகைக்கு ஓட்டிவிட்டு, அதே டிரைவர் ராத்திரி நம்மை ஏற்ற வருவார். நாம் பின்னால் தூங்குவோம், அவரோடு பேச்சுக் கொடுக்க ஆள் இருக்காது. இரண்டு மணிக்கு மேல் விடிகிற வரைக்கும் எப்பேர்ப்பட்டவருக்கும் கண் சொக்கும்.

டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. டிரைவரும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்தான். முதல் நாள் ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும், பத்து, பத்தரைக்கு ராமேஸ்வரம். தங்குமிடத்தில் டிரைவருக்குப் படுக்க இடம், ஃபேன், குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் நாம் பாயை விரிப்போம். அவரை வேனிலேயே கொசுக்கடியில் படுக்கவிட்டு மறுநாள் 215 கி.மீ. ஓட்டச் சொல்வது நம் உயிருக்கு நாமே வைக்கிற வினை. சாப்பாட்டுக் கணக்கிலும் அவரைச் சேர்த்து 21 பேர்.

வாடகை பேசும்போது நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, டீசல் யாருடையது, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல்கேட், பார்க்கிங் யார் கொடுப்பது, கி.மீ. எங்கிருந்து எண்ணுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகள் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு எண்ணும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டால் பின்னால் பேச்சு வராது.

பணத்தைப் பற்றி

குழுவின் சேமிப்பையோ சுழல் நிதியையோ இதில் தொடக்கூடாது. உள்கடன் வாங்கி ஊர் சுற்றுவதும் வேண்டாம். ஒரு வருஷம் முன்பே முடிவு செய்து, மாதம் 250 ரூபாய் தனியாகப் போட்டால் 12 மாதத்தில் தலைக்கு 3,000. 20 பேருக்கு 60,000 ரூபாய் சேரும். இதற்கென்று தனி நோட்டு, தனி ரசீது. குழுக் கணக்கோடு கலந்துவிட்டால் தணிக்கைக்கு வருகிறவரிடம் பதில் சொல்லி மாளாது. கட்ட முடியாத உறுப்பினரை விட்டுவிட்டுப் போகிற நிலை வருமானால், தொகையைக் குறைத்து ஊரைக் குறையுங்கள். ராமேஸ்வரம் மட்டும் போனாலும் கடல் கடல்தான்.

வார வசூலுக்கு ஆள் வைத்து "டூர் சீட்டு" நடத்துகிற வெளி ஆட்களிடம் பணம் கட்டி ஏமாந்த கதைகளை எல்லாரும் கேட்டிருக்கிறோம். நம் பணம் நம் நோட்டிலேயே இருக்கட்டும்.

அடுப்பும் சாப்பாடும்

இதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். கேஸ் சிலிண்டரை வேனுக்குள் ஏற்றவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே, உத்தரப்பிரதேசத்திலிருந்து கோயில் சுற்றுலா வந்தவர்களின் ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரில் அடுப்புப் பற்றவைத்ததுதான் காரணம். ரயில் ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றிருந்த பெட்டிதான். நம்மைப் போலச் சாமி கும்பிட வந்தவர்கள், காலையில் ஒரு வாய் டீ குடிக்க நினைத்தவர்கள். நாலு பக்கமும் அடைத்த இடத்தில் வாயு கசிந்தால் ஓட வழி இருக்காது.

சமையல்கட்டு உள்ள மண்டபமாகப் பிடித்தால் இந்தக் கவலையே இல்லை. ரோட்டோரம் சமைப்பதென்றால் மூன்று கல், கொஞ்சம் விறகு போதும். ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, காய்ந்த புல் இல்லாத இடம், பெட்ரோல் பங்க் பக்கத்தில் இல்லாத இடம் பாருங்கள். கிளம்பும்போது குடத்துத் தண்ணீரை ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். எப்போதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போங்கள், திறந்த வெளியில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லி, மதியத்துக்குப் புளியோதரை. சோற்றை நன்றாக ஆறவிட்டுக் கட்டினால் மதியம் வரை தாங்கும். தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம், உருளைக்கிழங்கு மசால் எல்லாம் வெயிலில் ஊசிப்போகும், வேண்டாம். ஒரு பொட்டலம் ஊசினால் வேன் முழுக்க வாந்தி பேதிதான். அடுத்த நாட்களுக்கு வறுத்த ரவை, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அவல், வெல்லம், பொரிகடலை. ஒரு கிலோ அரிசி 8 பேருக்கு, ஒரு கிலோ ரவை 10 பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு 2½ கிலோவுக்குச் சற்றுக் கூட. மூன்று வேளைச் சோறும் ஒரு வேளைக்கு உபரியுமாகப் பத்து, பதினோரு கிலோ அரிசி எடுத்தால் சரியாக இருக்கும்.

குடிதண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் 3 வேண்டும். கடலோர ஊர்களில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கலாம். கிளம்பும்போதே கேனை நிரப்பிக்கொண்டு, வழியில் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், தாள் எல்லாம் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுவந்துவிட்டால் செலவும் குறையும்.

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். வருஷம் பூராவும் அடுப்படியில் நிற்கிறோம். ஊருக்குப் போயும் மூன்று வேளையும் அடுப்பா? தினம் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிட்டால் யாரும் குறைந்துவிட மாட்டோம். சமைக்கிற முறையையும் நாலு நாலு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவம் உள்ள அக்கா ஒருத்தியே நாலு நாளும் கரண்டி பிடித்தால், அந்த அக்கா எப்போது கடலைப் பார்ப்பது?

அண்டா, அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் போன்ற பாரங்களை வேன் கூரை மேல் ஏற்றாமல் கீழேயே வைக்கச் சொல்லுங்கள். மேலே பாரம் கூடினால் திருப்பத்தில் வண்டி ஆடும். கதவுப் பக்கமும், அவசர வழிப் பக்கமும் சாமான் அடுக்கக்கூடாது. மேலே துணி மூட்டை, பாய், விறகு போதும்.

அவரவர் பை

மடியில் வைத்துக்கொள்கிற ஒரு கைப்பை, மற்றது ஒன்று, அவ்வளவுதான். நாலு நாளைக்கு நாலு சேலை, ஒரு நைட்டி, ஒரு துண்டு, ஒரு போர்வை. ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தத்திலும் நீராடுகிறவர்களுக்குக் கனமான பழைய நூல் சேலை ஒன்று தனியாக வேண்டும். ஷிபானும் நைலக்ஸும் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காலையும் தடுக்கும். ஈரத்தோடு சன்னதிக்குள் போக முடியாது, மாற்றுத் துணி கையோடு இருக்கட்டும். பிரகாரக் கல் எப்போதும் ஈரமாக இருப்பதால் வயதான அம்மாக்களை ஒருவர் கைபிடித்தே கூட்டிப் போங்கள்.

நகை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தாலிச் சரடு போதும், ஜிமிக்கியும் ஆரமும் வீட்டில் இருக்கட்டும். கூட்டத்தில் அறுத்தவனைத் தேடுவதா, ஊரைப் பார்ப்பதா? பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். ஆதார் நகல் ஒன்று. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாலு நாளைக்கு ஆறு நாள் மாத்திரையாக எடுத்து, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு அடியில் போனால் நேரத்துக்குக் கிடைக்காது.

குழுவுக்குப் பொதுவாக டார்ச் லைட் இரண்டு, கயிறு, கத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பழைய துணி, வாந்திக்குப் பை, பஞ்சு, டெட்டால், காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்

வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். அடக்கி அடக்கி வைத்து நீர்க்கடுப்போடு வீடு திரும்புவார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டி நிற்கும் என்று டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிநீர் இரண்டும் இலவசமாகத் தரவேண்டும். டீசல் போட்டால்தான் என்று இல்லை, உரிமையோடு கேளுங்கள். ஒரு வாளி, ஒரு மக்கு, சோப்பு வேனில் இருக்கட்டும். இருட்டிய பிறகு ஒதுங்கப் போனால் இரண்டு பேராகப் போங்கள், கையில் டார்ச் இருக்கட்டும்.

தங்கும் மண்டபத்தை போனில் பேசும்போது "எத்தனை ரூம்" என்று கேட்பதற்கு முன் "எத்தனை கக்கூஸ், தண்ணி வருமா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கா" என்று கேளுங்கள். 20 பெண்களுக்கு ஒரே கழிப்பறை என்றால் விடியற்காலை மூன்றுக்கே வரிசை ஆரம்பித்துவிடும். எக்காரணம் கொண்டும் ரோட்டோரத்திலோ, நின்ற வேனுக்கு அடியிலோ பின்னாலோ படுக்காதீர்கள்.

தீட்டு நாள் வந்துவிடுமே என்று மருந்துக்கடையில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் பக்கம் சகஜம். இது எல்லா உடம்புக்கும் ஒத்துவராது. இரத்தக் கட்டு வந்தவர்கள், பிரஷர், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் போடவே கூடாது. வந்தால் வரட்டும், நாப்கினும் சுற்றிப் போடப் பழைய பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் போவதும் போகாததும் அவரவர் மனசு. கடலும் சூரிய உதயமும் எல்லாருக்கும் பொது.

அங்கே போன பிறகு

ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது ஒருவர் பொறுப்பு. அது தவிர ஆளுக்கொரு ஜோடி. ஜோடியைக் காணோம் என்றால் உடனே சொல்ல வேண்டும். எல்லார் பெயரும், வீட்டு போன் நம்பரும், வேன் நம்பரும் எழுதிய தாள் ஒன்று பிரதிநிதியிடம், ஒன்று ஊரில் கூட்டமைப்பு அலுவலகத்தில். ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112, பெண்களுக்கான உதவிக்கு 181, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. செல் வைத்திராத அம்மாக்களுக்கு இந்த நம்பர்களைச் சீட்டில் எழுதிச் சுருக்குப் பையில் போட்டுவிடுங்கள்.

தனுஷ்கோடியில் கடலுக்குள் இறங்கவே வேண்டாம். பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே இழுப்பு பலம். பொழுது சாய்வதற்குள் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். திருச்செந்தூரில் அலை முட்டளவு வருகிற இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். பாம்பன் பாலத்தில் வேனை நிறுத்தி இறங்கி வேடிக்கை பார்ப்பதும் கூடாது. 2025-இல் திறந்த புது ரயில் பாலத்தை ஓடுகிற வண்டியின் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்திலும், ஐப்பசி கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரிலும் கூட்டம் நெருக்கித் தள்ளும். கைப்பிள்ளை, வயதானவர் உள்ள குழு அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மலைக்குப் போக ஆசைப்படுகிற குழுக்களுக்கு: ஊட்டி, கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் வாரம் விசாரித்து எடுத்துக்கொள்ளுங்கள். மலை ரோட்டில் ஓட்டிப் பழகிய டிரைவர்தானா என்றும் கேளுங்கள்.

வீட்டை யார் பார்ப்பது?

ஆடு மாட்டுக்குத் தீவனம், பால் கறக்கிற ஆள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மாமியாரின் மாத்திரை இவற்றை ஒரு வாரம் முன்பே யாரிடமாவது ஒப்படைத்துச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர்களுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதற்காகப் பயணத்தை நிறுத்திய சகோதரிகள் உண்டு. அந்த ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்தால் தெரிந்துவிடும். அரிசியும் குக்கரும் நம் வீட்டில்தானே இருக்கின்றன.

திரும்பி வந்த வாரமே கூட்டத்தில் வரவு செலவை வாசித்துவிடுங்கள். வண்டி வாடகை, டோல், மண்டபம், மளிகை என்று பில்லோடு நோட்டில் ஏறட்டும். மீதி இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி அந்த நோட்டை முடித்துவிடுங்கள்.